ஐந்து நட்சத்திரம்தான், எந்த ஆண்டு நட்சத்திரம்?

ஸ்டார் லேபிள் திட்டம் தொடங்கிய காலத்து அட்டவணைப்படி, 250 லிட்டர் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ் ஒன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 977 யூனிட் இழுத்தால் அதற்கு ஒரு நட்சத்திரம். 782 என்றால் இரண்டு, 626 என்றால் மூன்று, 501 என்றால் நான்கு. 400 யூனிட்டுக்குள் அடங்கினால் ஐந்து நட்சத்திரம். ஒவ்வொரு படிக்கும் இருபது விழுக்காடு குறைய வேண்டும் என்பது கணக்கு. இன்று கடையில் அதே அளவில், அதே வகையில் நிற்கும் மூன்று நட்சத்திரப் பெட்டியின் லேபிளைப் பாருங்கள். 200-ஐ ஒட்டிய எண்தான் பெரும்பாலும் இருக்கும். அன்றைய முதல் ரேங்க் இன்றைய நடுத்தர மாணவனைவிட இரண்டு மடங்கு கரண்ட் தின்கிறது. ஆனால் அதன் கதவில் ஒட்டிய ஐந்து நட்சத்திரம் அப்படியே சிவப்பாக இருக்கிறது. வெயிலில் கொஞ்சம் வெளுத்திருக்கலாம், அவ்வளவுதான்.

அந்த ஸ்டிக்கரை நம்பி மும்பையின் தாராவியிலோ செம்பூர் கேம்ப்பிலோ செகண்ட் ஹேண்ட் ஃப்ரிட்ஜ் வாங்குகிறவருக்கும், அந்த ஸ்டிக்கருக்குப் பின்னால் உள்ள தரநிலையை வகுக்கிறவர்களுக்கும் இங்கே சொல்ல வேண்டிய சேதி ஒன்றே. அரசின் மின்சிக்கனத் தரநிலை புதுப் பெட்டி விற்கும் ஷோரூம் வாசல்வரை நன்றாக வேலை செய்கிறது. வாசலைத் தாண்டியதும் அதற்குக் கண் தெரிவதில்லை. ஒரு ஃப்ரிட்ஜ் தன் ஆயுளில் பெரும்பகுதியை வாசலுக்கு வெளியேதான் கழிக்கிறது.

வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மின்சிக்கனச் சட்டம் 2001-ல் நிறைவேறியது. அதன்படி எரிசக்தி திறன் பணியகம், லேபிளில் மூன்று ஆங்கில எழுத்தாகத் தெரியும் பி.இ.இ., 2002 மார்ச் 1-ல் உருவானது. 2006 மே 18-ல் நட்சத்திர லேபிள் திட்டம் தொடங்கியது. முதலில் கம்பெனிகள் விரும்பினால் ஒட்டலாம் என்றுதான் இருந்தது. 2010 ஜனவரி 7 முதல் ஏ.சி., குழல் விளக்கு, விநியோக டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றோடு ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜுக்கும் லேபிள் கட்டாயமானது. சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ், அதாவது ஐஸ் கட்டிக்கொண்டு பட்டனை அமுக்கி டீஃப்ராஸ்ட் செய்கிற டைரக்ட் கூல் வகை, அந்தப் பட்டியலில் அப்போது இல்லை. சில ஆண்டுகள் கழித்தே அதற்குக் கட்டாயம் வந்தது. நாட்டில் அதிகம் விற்பது சிங்கிள் டோர்தான், ஏழை வீட்டின் முதல் ஃப்ரிட்ஜும் அதுதான். தரநிலை முதலில் டபுள் டோர் வாங்குகிறவரைத்தான் காப்பாற்றப் புறப்பட்டது. தொழில்நுட்பக் காரணங்கள் இருந்திருக்கலாம். விளைவு என்னவோ இதுதான்.

அதன்பிறகு அட்டவணை பல முறை இறுக்கப்பட்டிருக்கிறது. 2023 ஜனவரியில் வந்த மாற்றத்தில் ஃப்ரீசர் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் கணக்கைத் தனியாகக் காட்டச் சொன்னார்கள். மொத்தக் கொள்ளளவைக் காட்டிப் பெருமைப்பட முடியாமல், உண்மையில் சாமான் வைக்கக்கூடிய நிகரக் கொள்ளளவையும் எடுத்துக்கொண்டார்கள். இவை நல்ல திருத்தங்கள். இறுக்கும்போதெல்லாம் பொதுவாக ஒரு நட்சத்திரம் கழன்று விழும். நேற்று ஐந்தாக இருந்தது இன்று நான்கு. ஆகவே லேபிளில் நட்சத்திரத்தைவிட முக்கியமான இடம், அது எந்த ஆண்டுகளுக்குச் செல்லும் என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும் லேபிள் காலம். அதற்கு அடுத்தபடி முக்கியம் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்ற எண். கடைக்காரர் விரல் வைத்துக் காட்டுவது இந்த இரண்டையும் அல்ல.

ஐரோப்பாவில் இதே சிக்கல் வேறு வடிவத்தில் வந்தது. அங்கே ஏ என்ற எழுத்து போதாமல் போய், ஏ பிளஸ், ஏ பிளஸ் பிளஸ், மூன்று பிளஸ் என்று வளர்ந்து, கடையில் எல்லாமே முதல் தரமாகிவிட்டது. 2021 மார்ச் 1 முதல் அத்தனை பிளஸ்களையும் அழித்துவிட்டு ஏ முதல் ஜி வரை என்று புதிதாகத் தொடங்கினார்கள். நம் முறை அந்த வகையில் நேர்மையானது. பிளஸ் சேர்க்காமல் நட்சத்திரத்தைப் பறிக்கிறது. ஆனால் ஏற்கெனவே விற்றுப்போன பெட்டியின் கதவிலிருந்து பறிக்க ஆளில்லை.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. நட்சத்திரம் கொடுப்பது அளவுக்குத் தக்கபடி. பெட்டியின் கொள்ளளவை ஒரு எண்ணால் பெருக்கி, அதோடு ஒரு நிலையான எண்ணைக் கூட்டி, இந்த அளவுப் பெட்டி இவ்வளவு யூனிட் வரை இழுக்கலாம் என்று வரம்பு போடுகிறார்கள். பெரிய பெட்டிக்குப் பெரிய வரம்பு. 500 லிட்டர் ஐந்து நட்சத்திரப் பெட்டி, 180 லிட்டர் இரண்டு நட்சத்திர சிங்கிள் டோரைவிட அதிக கரண்ட் தின்னலாம். இரண்டுமே தன் தன் வகுப்பில் வாங்கிய மதிப்பெண்ணைத்தான் காட்டுகின்றன. நான்கு பேர் உள்ள வீட்டில் ஐந்து நட்சத்திரம் என்ற ஒரே காரணத்துக்காக இரட்டைக் கதவுப் பெட்டி வாங்கி, சிக்கனம் செய்துவிட்டதாக நிம்மதி அடைகிறவர்கள் மாட்டுங்காவில் குறைவில்லை.

சோதனை எப்படி நடக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அறையின் வெப்பத்தை 32 டிகிரியில் நிறுத்தி, கதவை மூடியபடியே வைத்து அளக்கிறார்கள். ஒரு மாடலை இன்னொரு மாடலோடு ஒப்பிட இப்படி ஒரே மாதிரி நிலைமை வேண்டும், அதில் குற்றமில்லை. ஆனால் தாராவி 90 அடி சாலைக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே, பத்துக்குப் பத்து கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், மே மாதம் மதியம் மூன்று மணிக்கு 32 டிகிரி இருக்காது. அங்கே ஃப்ரிட்ஜைச் சுவரோடு ஒட்டித்தான் வைக்க முடியும். பின்பக்கச் சூடு வெளியேறக் கம்பெனி கேட்கும் இடைவெளியை விட்டால் ஆள் படுக்க இடமிருக்காது. பக்கத்திலேயே கேஸ் அடுப்பு. மேலே மாவு கிரைண்டரின் மூடி, சாமி படம், பள்ளிக்கூடப் பை. கதவு நாளைக்கு எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணினால் ஆய்வுக்கூடம் வெட்கப்படும். தாராவியிலிருந்து விடியற்காலையில் அலுமினியப் பாத்திரத்தைச் சுமந்து மும்பை முழுதும் இட்லி விற்கக் கிளம்புகிறவர்களின் வீடுகளில் ஃப்ரிட்ஜ் ஒரு தொழிற்கருவி. மே மாதப் புழுக்கத்தில் முந்தின நாள் அரைத்த மாவு வெளியே இருந்தால், பொங்கிப் புளித்து மறுநாள் சட்னிக்குக்கூட ஈடுகொடுக்காது. லேபிளில் உள்ள எண் அந்த வீட்டில் பெரும்பாலும் குறைந்தபட்ச எண்தான்.

அந்த வீட்டுக்குள் வரும் ஃப்ரிட்ஜ் பெரும்பாலும் ஷோரூமிலிருந்து நேராக வருவதில்லை. கிங்ஸ் சர்க்கிள் பக்கம், மாட்டுங்கா பக்கம், செம்பூர் சேடா நகர் பக்கம் ஃப்ளாட்டில் இருப்பவர் தீபாவளி ஆஃபரில் புதுசு வாங்குகிறார். கடை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறது, அல்லது பழைய சாமான் வாங்கும் பங்கார்வாலா வந்து ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்துத் தூக்கிப் போகிறார். பெட்டி குர்லாவுக்கோ தாராவிக்கோ வருகிறது. இறந்ததைப் பிரித்துச் செம்பு, அலுமினியம், இரும்பு, பிளாஸ்டிக் என்று தனித்தனியே விற்கிறார்கள். தாராவியின் 13-ஆம் காம்பவுண்டு உலகம் பார்க்க வரும் மறுசுழற்சிப் பேட்டை. உயிர் மிச்சம் இருப்பதைக் கழுவி, ரப்பர் மாற்றி, கேஸ் அடித்து மறுபடி விற்கிறார்கள்.

"அக்கா, ஃபைவ் ஸ்டார் பாருங்க, கம்பெனி கம்ப்ரஸர். ஆறு மாசம் வாரண்டி நான் தரேன்."

"கரண்டு ஜாஸ்தி இழுக்காதா தம்பி?"

"ஃபைவ் ஸ்டார்னு போட்டிருக்கே!"

இதில் மெக்கானிக் பொய் சொல்லவில்லை. போட்டிருப்பதைத்தான் படிக்கிறார். அந்தக் கம்ப்ரஸர் உண்மையில் கம்பெனி கம்ப்ரஸரா என்பது வேறு விஷயம். மூடி வெல்டிங் செய்த கம்ப்ரஸரை அறுத்துத் திறந்து, கம்பியை ரீவைண்டிங் செய்து, மறுபடி ஒட்டுவது நம் ஊரில் பழைய தொழில். அதில் அசாத்தியமான கைவேலை உண்டு, வியந்து பார்க்கலாம். ஆனால் அந்த மாடலுக்கு நட்சத்திரம் கிடைத்தது அதன் அசல் கம்ப்ரஸர், அதற்கென்று அளந்து ஊற்றிய கேஸ், அதற்கேற்ற நீளத்தில் கேப்பிலரி குழாய், காற்றுப்புகாத கேஸ்கெட் எல்லாம் சேர்ந்ததால். கையில் கிடைத்த வேறு திறன் கம்ப்ரஸரைப் பொருத்தினாலே அந்த நட்சத்திரம் செல்லாக்காசு. கேஸிலும் இதே கதை. பழைய பெட்டியில் ஆர்-12 இருந்தது, ஓசோனைத் தின்கிறது என்று அது போயிற்று. அடுத்து ஆர்-134ஏ வந்தது. இப்போது பெரும்பாலான புதுப் பெட்டிகளில் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், இருக்கிறது. ஓசோனுக்கும் காலநிலைக்கும் கெடுதல் மிகக் குறைவு. ஆனால் அது எரியும் வாயு. ஒரு வகைக்கு வடிவமைத்த பெட்டியில் இன்னொன்றை அடித்தால் திறன் குறைவதோடு பிரச்சினை நிற்காது. ஐசோபியூட்டேன் கசியும் பெட்டியைச் சன்னல் இல்லாத அறையில் நெருப்பு வைத்துப் பற்றவைக்கிறவர் உயிரோடு விளையாடுகிறார். இவருக்குப் பயிற்சி கொடுப்பதும் தரநிலையின் ஒரு பகுதிதான் என்று யாராவது நினைத்திருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? மின்சிக்கனச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, தரத்துக்கு உட்படாத கருவியின் உற்பத்தி, விற்பனை, வாங்குதல், இறக்குமதி எதையும் தடை செய்ய மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. மீறினால் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2010 திருத்தம் சொல்கிறது. கடையிலிருந்து பெட்டியை எடுத்துச் சோதித்து, தேறாவிட்டால் மேலும் இரண்டை எடுத்துச் சோதித்து, அதுவும் தேறாவிட்டால் நடவடிக்கை எடுக்கும் முறையும் இருக்கிறது. மாநிலத்தில் இதைப் பார்க்க மகாராஷ்டிர எரிசக்தி மேம்பாட்டு முகமை, மேடா, இருக்கிறது. ஆனால் இந்த ஏற்பாடு முழுக்கத் தயாரிப்பாளரையும் இறக்குமதியாளரையும் பார்த்தபடி நிற்கிறது. நூறு பெட்டியைப் பழுதுபார்த்து விற்கிற கடை அதன் பார்வையில் இல்லை. அந்தக் கடைக்காரரை அபராதம் போட்டுத் துரத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் இல்லாவிட்டால் பாதிப் பேருக்கு ஃப்ரிட்ஜே இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி நாட்டில் நூற்றுக்கு நாற்பது வீடுகளில்கூட ஃப்ரிட்ஜ் கிடையாது.

பில் யார் தலையில் விழுகிறது என்பதைப் பார்க்கலாம். ஆண்டுக்கு 600 யூனிட் இழுக்கும் பழைய பெட்டி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 50 யூனிட். இன்றைய சிறிய சிங்கிள் டோர் பெட்டி 150 முதல் 200 யூனிட்டுக்குள் ஓடும், மாதம் பதினைந்து யூனிட்டை ஒட்டி. மகாராஷ்டிரத்தில் வீட்டுக் கட்டணம் அடுக்கு முறையில் இருக்கிறது. முதல் 100 யூனிட் ஒரு விலை, 101 முதல் 300 வரை பாய்ந்து ஏறிய வேறு விலை. விளக்கு, இரண்டு ஃபேன், டி.வி., மிக்சி என்று எழுபது எண்பது யூனிட்டில் அடங்கியிருந்த வீட்டைப் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றே இரண்டாம் அடுக்குக்குத் தூக்கிவிடும். புதிய சிங்கிள் டோராக இருந்தால் முதல் அடுக்கிலேயே இருந்திருக்கலாம். இங்கே மின்சாரம் தரும் பெஸ்ட் நிறுவனத்தின் மீட்டர் சொந்தப் பெயரில் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு. மாடியறையில் வாடகைக்கு இருக்கிறவருக்கு வீட்டுக்காரர் வைத்த சப்-மீட்டர்தான். யூனிட்டுக்கு அவர் சொன்னதுதான் விலை. முதல் அடுக்கின் சலுகை வாடகைக்காரர் கண்ணிலேயே படாது.

பணத்தில் தெரியாத செலவு ஒன்றும் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் இழுக்கும் கரண்ட் அத்தனையும் கடைசியில் அந்த அறைக்குள்ளேயே சூடாக வந்து சேர்கிறது. ஆண்டுக்கு 977 யூனிட் என்பதை மணிக் கணக்கில் வகுத்தால், இரவும் பகலும் சராசரியாக 111 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளின் உடம்பு ஏறத்தாழ 100 வாட் சூட்டை வெளியே விடுகிறது. அந்தக் காலத்து ஒரு நட்சத்திரப் பெட்டியைப் பத்துக்குப் பத்து அறையில் வைப்பதும், கூடுதலாக ஒருவரை நிரந்தரமாகத் தங்க வைப்பதும் சூட்டுக் கணக்கில் ஒன்று. அந்தச் சூட்டை விரட்ட இன்னொரு ஃபேன் சுற்றும். அறை சூடாகச் சூடாக ஃப்ரிட்ஜ் இன்னும் கூடுதல் நேரம் ஓடும்.

தரநிலையை இறுக்கினால் விலை ஏறும், ஏழை வாங்க முடியாது என்பது கம்பெனிகளின் பழைய வாதம். 2023-க்கு முன்பும் கேட்டோம். முழுக்க ஒதுக்கிவிடக் கூடிய வாதம் இல்லை, முதல் ஒன்றிரண்டு ஆண்டு விலை கொஞ்சம் ஏறத்தான் செய்கிறது. ஆனால் நீண்ட காலக் கணக்கு வேறு மாதிரி. 1970-களின் நடுவில் அமெரிக்காவில் விற்ற சராசரி ஃப்ரிட்ஜ் ஆண்டுக்கு 1,800 யூனிட் அளவுக்குத் தின்றது. கலிஃபோர்னியா மாநிலம் 1974-ல் ஒரு சட்டம் போட்டு எரிசக்தி ஆணையம் அமைத்து, இயற்பியல் அறிஞர் ஆர்தர் ரோசன்ஃபெல்டு போன்றவர்களின் கணக்கைக் கேட்டு, அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே ஃப்ரிட்ஜுக்கு வரம்பு போட்டது. பிறகு நாடு தழுவிய சட்டம். அதை அதிபர் ரீகன் 1986-ல் கையெழுத்திடாமல் கிடப்பில் போட்டார், 1987 மார்ச்சில் அவரே கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி விதி வைத்தால் தாங்காது என்று கம்பெனிகளே மனம் மாறியதுதான் காரணம். 1990, 1993, 2001 என்று வரம்பு இறங்கியது. 2001-ல் சராசரிப் புதுப் பெட்டி 500 யூனிட்டுக்கும் கீழே வந்துவிட்டது. இடையில் பெட்டி பெரிதானது, பணவீக்கத்தைக் கழித்தால் விலை குறைந்தது.

இந்தியாவில் கம்பெனிகளுக்குத் திறமை இல்லாமல் இல்லை. முதல் இந்தியத் தயாரிப்பு ஃப்ரிட்ஜ் 1958-ல் வந்தது இதே மும்பையின் விக்ரோலியில், கோத்ரெஜ் ஆலையிலிருந்துதான். அதே கம்பெனி ஏழைகளுக்கென்றே கம்ப்ரஸர் இல்லாத 43 லிட்டர் சோட்டுகூல் பெட்டியையும் செய்து பார்த்தது. ஆகவே இறுக்கலாமா என்ற கேள்விக்கு விடை தெரிந்தாகிவிட்டது. இறுக்கிய பிறகு பழையது எங்கே போகும் என்பதுதான் இன்னும் கேட்கப்படாத கேள்வி.

அதைக் கேட்ட நாடு கானா. ஐரோப்பா கழித்துப் போட்ட ஃப்ரிட்ஜ்கள் கப்பல் கப்பலாக வந்து குவிந்த நாடு அது. 2008-ல் விதி இயற்றி, 2013 ஜனவரி முதல் பழைய ஃப்ரிட்ஜ் இறக்குமதியை நிறுத்தினார்கள். கூடவே, பழையதைக் கொடுத்தால் புதுசுக்குத் தள்ளுபடி என்று திட்டமும் வைத்தார்கள். தடை, தள்ளுபடி, பழையதை முறையாகப் பிரிக்கும் ஏற்பாடு மூன்றும் சேர்ந்து வந்ததுதான் அதில் கவனிக்க வேண்டியது.

தள்ளுபடியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு மெக்ஸிகோவைப் பார்க்கலாம். 2009 முதல் பழைய ஃப்ரிட்ஜ், ஏ.சி. மாற்றித் தரும் திட்டத்தை அந்த அரசு பெரிய அளவில் நடத்தியது. பின்னால் லூகாஸ் டேவிஸ், ஆலன் ஃபுக்ஸ், பால் கெர்ட்லர் என்ற மூன்று பொருளியலாளர்கள் லட்சக்கணக்கான மின் பில்களை வைத்து ஆராய்ந்தார்கள். ஃப்ரிட்ஜ் மாற்றிய வீடுகளில் மின் செலவு குறைந்தது 8 விழுக்காடுதான். திட்டத்துக்கு முன் போட்ட மதிப்பீட்டில் கால்வாசி. ஏ.சி. மாற்றிய வீடுகளில் செலவு கூடவே செய்தது. புதுப் பெட்டி பெரிதாக இருந்தது, அதில் கூடுதல் வசதிகள் இருந்தன. கழித்த பெட்டிகளும் எதிர்பார்த்த அளவுக்குக் கிழம் இல்லை. மகாராஷ்டிர மின் ஒழுங்குமுறை ஆணையம் 2010-லேயே மின் தேவையைக் கட்டுப்படுத்தும் திட்டங்களுக்கு விதி வகுத்திருக்கிறது. அதன்கீழ் மும்பையில் யாராவது ஃப்ரிட்ஜ் மாற்றும் திட்டம் கொண்டுவந்தால், மெக்ஸிகோ ஆய்வை முதல் பக்கத்தில் வைக்க வேண்டும். மாற்றும் பெட்டிக்கு வயது வரம்பு, புதியதற்கு அளவு வரம்பு, பழையதைத் துளை போட்டு முடக்கியதற்குச் சான்று. இந்த மூன்றாவது இல்லாவிட்டால் அது தாராவிக்கு மலிவாக ஃப்ரிட்ஜ் அனுப்பும் திட்டமாக முடியும். மின்கழிவு விதிகள் 2022 தயாரிப்பாளர்மேல் பொறுப்பு வைக்கின்றன. ஆனால் பங்கார்வாலா கொடுக்கும் ரொக்கம் எந்த விதியையும்விட வேகமாக வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

டீப் ஃப்ரீசரைப் பற்றி இரண்டு வரி. குல்ஃபி, ஐஸ்கிரீம், மீன், கோழி விற்கிற சின்னக் கடைகள் எல்லாம் இதை நம்பித்தான் இருக்கின்றன. இதற்கு நட்சத்திர லேபிள் 2020-ல்தான் வந்தது, அதுவும் விருப்பத்தின்பேரில். வீட்டு ஃப்ரிட்ஜுக்குத் திட்டம் தொடங்கிப் பதினான்கு ஆண்டு கழித்து. அதற்கு முன் விற்றவை எல்லாம் லேபிளே இல்லாமல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. குளிர்பானக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த கண்ணாடிக் கதவுப் பெட்டியை வைத்திருக்கும் கடைக்காரர், கரண்டைத் தான்தான் கட்டுகிறோம் என்பதை ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

செம்பூர்க்காரர்களுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் மின்சாரம் தரும் பெஸ்ட், நெடுங்காலமாகத் தன் தேவையின் பெரும்பகுதியை டாடா பவரிடமிருந்து வாங்கிவந்திருக்கிறது. டாடாவின் டிராம்பே அனல் நிலையம் இருப்பது செம்பூரை அடுத்த மாஹுல் பக்கம். அங்கே நிலக்கரி இன்னும் எரிகிறது. சுத்திகரிப்பு ஆலைகளும் உர ஆலையும் சேர்ந்து செம்பூருக்கு 'கேஸ் சேம்பர்' என்று பட்டப்பெயரே உண்டு. நாட்டின் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ அளவுக்குக் கரியமில வாயு வெளியேறுகிறது. பழைய பெட்டி வீணாக்கும் 400 யூனிட்டுக்கு ஆண்டுக்கு 280 கிலோ. செம்பூர் ஃப்ளாட்டிலிருந்து பங்கார்வாலா எடுத்துப்போன ஃப்ரிட்ஜ் தாராவியில் ஓடுகிறது, அதன் புகையில் ஒரு பங்கு செம்பூருக்கே வந்து சேர்கிறது.

வாங்குகிறவர் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. ஸ்டிக்கரில் நட்சத்திரத்தை விட்டுவிட்டு லேபிள் காலத்தையும் ஆண்டு யூனிட்டையும் படியுங்கள். காலம் கிழிந்திருந்தால் அதற்கு விலையில் கழித்துக்கொள்ளுங்கள். கதவு இடுக்கில் பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் வந்தால் கேஸ்கெட் போய்விட்டது. வீட்டில் ஓடும் பெட்டியின் நிஜமான செலவைப் பார்க்க, ஊருக்குப் போகும் நாளில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு கிளம்பலாம், திரும்பி வந்ததும் பார்க்கலாம். நாளைக்கு அரை யூனிட் என்றால் நல்ல பெட்டி. ஒன்றரையைத் தாண்டினால் அது தன் விலையை ஒவ்வோர் ஆண்டும் உங்களிடம் வசூலிக்கிறது. வித்தியாசம் ஆண்டுக்கு 400 யூனிட், யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தால் 3,200 ரூபாய். பதினான்காயிரம் ரூபாய் புது சிங்கிள் டோர் நாலரை ஆண்டில் காசைத் திருப்பித் தந்துவிடும்.

நாலரை ஆண்டு என்பதில்தான் சிக்கல். மும்பையில் வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதம். அடுத்த வருடம் எந்தக் கோலி, ஃப்ரிட்ஜ் வைக்க இடம் இருக்குமா என்று தெரியாதவர் நாலரை ஆண்டுக் கணக்குப் போட மாட்டார். மூவாயிரம் ரூபாய்ப் பெட்டியைத்தான் வாங்குவார். அவர் அறிவில் குறையில்லை, அவர் காலண்டர் அப்படி. லேபிள் என்பது தகவல். தகவலை வைத்து முடிவெடுக்க அவகாசம் உள்ளவருக்கே அது உதவும். மற்றவருக்குப் பெட்டியே தரமாக இருந்தாக வேண்டும், அதாவது செகண்ட் ஹேண்ட் கடைக்கும் ஒரு குறைந்தபட்ச வரம்பு வேண்டும். பழுதுபார்த்த பெட்டியை ஒரு நாள் மீட்டரில் ஓட்டி அந்த எண்ணைச் சாக்பீஸில் கதவில் எழுதி விற்க வேண்டும் என்ற அளவுக்காவது. அதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை, சில நூறு ரூபாய் பிளக் மீட்டர் ஒன்று போதும்.

இதை அவசரமாகச் சொல்லக் காரணம் தாராவி மறுசீரமைப்பு. தகுதி பெற்ற குடும்பங்களுக்கு 350 சதுர அடி வீடு என்று அறிவித்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான சமையலறைகள் குறுகிய காலத்தில் புதிதாக நிரம்பப் போகின்றன. தகுதிப் பட்டியலில் வராதவர்கள் வேறெங்கோ வாடகை அறைகளுக்குப் போவார்கள். முதல் வகையினர் புதுப் பெட்டி வாங்கும் அன்று, அவர்களுடைய பழைய பெட்டிகள் இரண்டாம் வகையினரின் அறைகளுக்கு வரும். மொத்தக் கொள்முதலில் குறைந்த விலைக்கு நல்ல சிங்கிள் டோர், பழையதைத் திரும்ப வாங்கி உடைக்கும் கூடம், பெஸ்ட் பில்லிலேயே மாதத் தவணை ஆகிய மூன்றையும் வீட்டுச் சாவி கொடுக்கும் நாளுக்கு முன்பே பி.இ.இ.-யும் மேடாவும் பெஸ்டும் உட்கார்ந்து பேசி முடித்திருக்க வேண்டும்.